டலூன் கப்பலும் மண்டபம் முகாமும்

நான் குடியிருக்கும் ஹில்ஸ்பரோ ஒரு மேட்டுப்பகுதி. கீழே மனுகாவ் துறைமுகம், தண்ணிக்கு அந்தப் பக்கம் ஆக்லாந்து விமான நிலையம். படிக்கப் பிடிக்காத சாயங்காலங்களில் (அது வாரத்துக்கு அஞ்சு நாள்!) எழும்புகிற விமானங்களைப் பார்த்துக்கிட்டு நிற்பேன். ஃபிஜிக்கும் சமோவாவுக்கும் டோங்காவுக்கும் இங்கிருந்துதான் போகணும். நூறு வருஷத்துக்கு முன்னாடியும் அப்படித்தான். விமானத்துக்குப் பதில் கப்பல், அவ்வளவுதான். அப்படிப் போன ஒரு கப்பலைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

கப்பல் பேரு டலூன். 1918 அக்டோபர் 30-ம் தேதி ஆக்லாந்தை விட்டுக் கிளம்பியது. அப்போ ஊருக்குள்ள இன்ஃபுளுயன்ஸா பரவ ஆரம்பிச்சாச்சு. அடுத்த சில வாரத்துல ஆக்லாந்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் செத்தாங்க, வைகுமெடே இடுகாட்டுக்கு ரயில்ல பிணங்களைக் கொண்டுபோனாங்க. ஆனாலும் டலூனுக்கு 'இந்தக் கப்பலில் நோயில்லை' என்ற சான்றிதழ் கையில இருந்தது.

எப்படிக் கிடைச்சது? யாரும் லஞ்சம் வாங்கலை. சட்டப்படி இன்ஃபுளுயன்ஸா அப்போ 'அறிவிக்க வேண்டிய நோய்' பட்டியலிலேயே இல்லை. நவம்பர் 6-ம் தேதிதான் சேர்த்தாங்க. பட்டியலில் இல்லாத நோய், அதிகாரி கண்ணுக்கு நோயே இல்லை. காகிதத்தில் எல்லாம் சரியா இருந்தது!

வழியில ஃபிஜி. சுவாவில் கப்பலைத் தனிமைப்படுத்தினாங்க. ஆனா சரக்கு வேலைக்கு உள்ளூர் ஆட்களை ஏத்திக்கிட்டாங்க, அது என்ன தனிமைப்படுத்தலோ தெரியலை. ஃபிஜியில் சுமார் 5 சதவீதம் பேர் இறந்தாங்க. 1903-லிருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியா கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்ம ஆட்களும் அந்தத் தீவுகளில்தான் இருந்தாங்க. அவங்க பேரன் பேத்திகள் இன்னிக்கு எங்க பக்கத்து மவுண்ட் ராஸ்கில் பகுதியில நிறைய பேர்.

நவம்பர் 7-ம் தேதி மேற்கு சமோவாவின் ஆப்பியா. முதல் உலகப்போர் தொடக்கத்துல ஜெர்மனிகிட்டருந்து நியூசிலாந்து பிடிச்ச தீவு அது, நிர்வாகம் ராபர்ட் லோகன் என்ற ராணுவ அதிகாரி கையில. சுவாவில் தனிமைப்படுத்தினதை ஆப்பியா துறைமுக அதிகாரிகிட்ட யாரும் சொல்லலை. பயணிகள் காய்ச்சலோட இறங்கினாங்க. உபோலு, சவாயி ரெண்டு தீவுலயும் நோய் காட்டுத்தீ மாதிரி பரவிடுச்சு. மொத்தம் சுமார் 38,000 பேர். அதில் 8,500 பேர் போயிட்டாங்க, ஐந்தில் ஒருத்தருக்கும் மேல். உலகத்திலேயே அந்த நோய்க்கு அதிக விலை கொடுத்த நாடுகளில் ஒண்ணு. குடும்பத் தலைவர்களான மதாய்கள் நிறைய பேர் செத்ததால, வம்ச வரலாறும் நில உரிமையும் வாய்வழியா வச்சிருந்த ஒரு தலைமுறையே காணாமப் போச்சு.

இதில் மனசு ஆறாத விஷயம் பக்கத்துத் தீவு. அமெரிக்க சமோவா. இடையில நூறு கிலோமீட்டர் கடல்கூட இல்லை. அதே மக்கள், அதே மொழி, அங்கயும் இங்கயும் சொந்தக்காரங்க. அங்க கவர்னர் ஜான் மார்ட்டின் போயர் என்ற கடற்படைக்காரர். வானொலிச் செய்தி கேட்டதும் கப்பல்களைத் தடுத்தார். உள்ளூர் மக்களே கரையோரம் காவல் நின்னு, மேற்கிலிருந்து வந்த படகுகளைத் திருப்பி அனுப்பினாங்க. செத்தவங்க எண்ணிக்கை: பூஜ்யம். போயர் உதவிக்கு மருத்துவர்களை அனுப்பத் தயார்னு தந்தி கொடுத்தார். லோகன் ஏத்துக்கலை. தன் தபால் படகை அங்க தடுத்தாங்கங்கிற கோபத்துல வானொலித் தொடர்பையே வெட்டிட்டார்!

லோகனைத் திட்டுவது சுலபம். நானும் வேண்டிய மட்டும் திட்டியாச்சு. ஆனா என் கேள்வி வேற. போயர் செஞ்சது வாசலில் நிக்கிற காவல். ஆக்லாந்திலும் அப்படி வாசல் இருந்தது, 1872-லிருந்து மோட்டுயிஹே தீவில் குவாரண்டைன் நிலையம். ஆனா எல்லாமே உள்ளே வர்றவங்களுக்கு. வெளியே போற கப்பலால அடுத்த ஊருக்கு என்ன ஆகும்னு பார்க்கிறது யார் வேலை?

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு, ராமேஸ்வரம் போற வழியில. 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பிச்சதும், மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தியது. ஆமாம், இந்திய மண்ணில் இலங்கை அரசின் முகாம். தோட்ட வேலைக்குப் போன தமிழ்க் கூலிகளை அங்க அஞ்சாறு நாள் அடைச்சு வச்சு, அம்மை குத்தி, துணிகளுக்கு மருந்து காட்டி, பிளேக்கும் காலராவும் இல்லைன்னு பார்த்துத்தான் கப்பலேத்தினாங்க. ஜனங்க மேல கருணையால இல்லை. தேயிலைத் தோட்டத்துல நோய் வந்தா கொழுந்து பறிக்க ஆள் இருக்காதே! கூலிகளை நடத்தின விதமும் பெருமைப்படற மாதிரி இல்லை. ஆனாலும் நோய் கிளம்புற இடத்துலயே தடுக்கணும்னு அவங்களுக்குப் புரிஞ்சிருந்தது. அதுக்குக் கையில காசும் அதிகாரமும் இருந்தது. சமோவாக்காரங்க ஆக்லாந்தில் போய் ஒரு முகாம் போட முடியுமா? அவங்க வாசல் சாவியே நியூசிலாந்து கையிலதானே!

1919-ல் விசாரணைக் குழு வந்து நிர்வாகத்தின் அலட்சியத்தைச் சொல்லியது. நியூசிலாந்து தன் பங்குக்கு 1920-ல் புது சுகாதாரச் சட்டம் போட்டது. (நம்ம மெட்ராஸ் மாகாணமும் 1939-ல் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம். 2020-ல் கொரோனா நேரத்துல தமிழ்நாட்டில் அதை வச்சுத்தான் பல உத்தரவு போட்டாங்க.) சமோவாகிட்ட மன்னிப்பு கேட்க 2002 வரை ஆச்சு. பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே போய்க் கேட்டார்.

சரி, பழைய கதைன்னு விட்டுடலாமா? 2019-க்கு வருவோம். ஆக்லாந்தில், முக்கியமா தெற்கு ஆக்லாந்தில், தட்டம்மை. நாடு முழுக்க 2,000-க்கும் மேல் நோயாளிகள். ஆகஸ்டில் இங்கிருந்து போன ஒரு பயணியோட அது சமோவாவில் இறங்கியது. அங்க 2018-ல் தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததில் ரெண்டு குழந்தைகள் இறந்து, ஜனங்க பயந்துபோய் ஊசி போடறதையே நிறுத்தியிருந்தாங்க. 83 பேர் செத்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ். டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் கூட அதே நோய் போச்சு, ஆனா ஊசி போட்டிருந்ததால ஒரு சாவும் இல்லை. அமெரிக்க சமோவா, பழக்கதோஷமோ என்னவோ, வர்றவங்ககிட்ட தடுப்பூசிச் சான்று கேட்டது.

ஆக்லாந்து விமான நிலையத்தில்? சமோவா போறவங்க ஊசி போட்டுக்கிட்டா நல்லதுன்னு அறிவுறுத்தல். அவ்வளவுதான், கட்டாயம் இல்லை. நோய் பரவின பிறகு நியூசிலாந்து நர்சுகளையும் மருந்தையும் அனுப்பியது, அதைக் குறை சொல்லலை. டிசம்பர் முதல் வாரத்தில் சமோவா அரசாங்கம் ரெண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவங்க இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. நர்சுகள் அந்தத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடா ஏறி இறங்கினாங்க.