எண்டெவரின் அடிப்பலகை

1770 அக்டோபர் 10ஆம் தேதி, படேவியாத் துறைமுகத்தில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எண்டெவர் கப்பலின் தச்சர் ஜான் சாட்டர்லி ஒரு பழுதுப் பட்டியல் எழுதி கேப்டன் ஜேம்ஸ் குக்கிடம் கொடுத்தார். கப்பலுக்குள் மணிக்கு 6 முதல் 12 அங்குலம் வரை தண்ணீர் ஏறுகிறது. கப்பலின் அடியில் முதுகெலும்பாக ஓடும் ஏராமரம் பல இடங்களில் அடிபட்டிருக்கிறது. அதற்கு அடியில் காப்பாக அறைந்திருந்த போலி ஏரா பாதிக்கு மேல் காணாமற்போய்விட்டது. பம்புகளில் ஒன்று உதவாது, மற்றவையும் உளுத்துவிட்டன. பெரிய ஒழுக்கு எங்கே என்று சொல்லும் இடத்தில் மட்டும் அவர் தயங்கினார். இடதுபுறம், நடுப்பாய்மரத்தை இழுத்துக் கட்டும் வடங்கள் வந்து சேரும் பகுதிக்குக் கீழே இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். அந்த இடம் தண்ணீருக்கு அடியில் இருப்பதால் போய்ப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதினார்.

நான்கு மாதமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்த கப்பல் அது. அதைப் பலகை பலகையாக அறிந்த ஆளிடமும் ஊகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

மரக்கப்பலுக்குச் சுவர் இரண்டு. விலா எலும்பு போன்ற வங்குக்கால்களின் வெளிப்புறம் ஒரு வரிசைப் பலகை, உட்புறம் இன்னொரு வரிசை. வெளிப்பலகையின் பொருத்து விட்டு உள்ளே வரும் நீர், இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஓடி, கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போய்த் தேங்கும். ஓட்டுவீட்டில் முகட்டு ஓடு உடைந்திருக்க, அடுப்படியில் ஒழுகுவது போல்தான் இதுவும். போதாததற்கு, அடியறை முழுக்கப் பாரக்கற்களும் பீப்பாய்களும் அடைந்து கிடக்கும். ஆகவே மாலுமிகளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு கணக்கு. பம்புக் குழிக்குள் அளவுகோலை இறக்கி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் ஏறியது என்று பார்ப்பார்கள். எவ்வளவு வருகிறது என்பதைக் கோல் சொல்லும், எந்த வழியாக வருகிறது என்பதைச் சொல்லாது. நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. மரங்களுக்கிடையே ஏறும் நீர் அதே இடுக்கில் இறங்கிவிடும். அடைத்துக் கட்டிய தோணிக்கும் கப்பலுக்கும்தான் இந்த வம்பு.

எண்டெவர் பிறவியில் போர்க்கப்பல் அல்ல. 1764இல் இங்கிலாந்தின் விட்பி நகரில், நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் எர்ல் ஆஃப் பெம்ப்ரோக். 1768இல் கடற்படை அதை வாங்கி, பசிபிக் பயணத்துக்காகத் திருத்தியது. அடி தட்டையாக இருந்ததால் மணலில் ஏற்றி நிறுத்தலாம். வெப்பக் கடல்களின் கப்பல் புழுவுக்குப் பயந்து வெளிப்பலகைக்கு மேல் இன்னொரு மெல்லிய பலகைத் தோலும் அறைந்தார்கள். புழு தின்னட்டும் என்றே விடப்பட்ட தோல் அது.

செப்புத் தகடு அடித்திருக்கலாமே என்று கேட்கலாம். 1761இல் அலார்ம் என்ற கப்பலில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். புழு தொடவில்லை. ஆனால் செம்பு பட்ட இடங்களில் இரும்பு ஆணிகள் கடல்நீரில் கரைந்துபோயின. தகடு விட்டுப்போனால் உலகின் மறுகோடியில் யார் சரிசெய்வது என்ற கேள்வியும் இருந்தது. மரத்தோலே போதும் என்று எண்டெவர் புறப்பட்டது.

1770 ஜூன் 11 இரவு, பதினொரு மணிக்குச் சற்று முன்பு, ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரப் பவளப்பாரில் அது மோதி நின்றது. மோதிய நேரம் ஓதம் உச்சத்தில் இருந்தது. வற்றத் தொடங்கியதும் கப்பல் பாரின்மேல் தங்கிவிட்டது. ஆறு பீரங்கிகள், பாரக்கற்கள், இரும்பு, பீப்பாய்கள் என 40, 50 டன் எடையைக் கடலில் தள்ளினார்கள். அடுத்த ஓதத்துக்கும் அசையவில்லை. மறுநாள் இரவுதான் மிதந்தது.

அந்த நேரத்தில் நடந்த ஒரு சின்னக் குழப்பத்தைக் குக் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். பம்புக் குழியில் அளவு பார்த்துக்கொண்டிருந்தவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். முன்னவர் உட்பலகையிலிருந்து அளந்துவந்தார். புதியவருக்கு அது தெரியாது. கோலை வெளிப்பலகைவரை இறக்கி அளந்துவிட்டார். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 16 அல்லது 18 அங்குலம். கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை அங்குலம் ஏறிவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். அதுவரை கலங்காத ஆட்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தார்கள் என்கிறார் குக். கணக்கு வித்தியாசம்தான் என்று தெரிந்ததும் பம்படிப்பவர்களுக்குப் புதுத்தெம்பு வந்து, காலை எட்டு மணிக்குள் நீர்மட்டத்தையே இறக்கிவிட்டார்கள்.

ஓட்டை எங்கே என்று துல்லியமாகத் தெரியாமலே அதை அடைக்கும் உபாயத்தைச் சொன்னவர் ஜோனதன் மங்க்ஹவுஸ் என்ற இளம் அதிகாரி. வர்ஜீனியாவிலிருந்து லண்டனுக்கு வந்த ஒரு வணிகக் கப்பலில், மணிக்கு 48 அங்குலம் ஏறிய நீரை அவர் இப்படி மட்டுப்படக் கண்டிருக்கிறார். பழங்கயிற்றைப் பிரித்த நாரையும் கம்பளி மயிரையும் நறுக்கிக் கலந்து, பிடி பிடியாக ஒரு பாயில் தைத்து, மேலே ஆட்டுச் சாணத்தைப் பூசினார்கள். அந்தப் பாயைக் கயிறு கட்டிக் கப்பலின் அடியில் இழுத்தார்கள். உள்ளே பாயும் நீர் நாரையும் மயிரையும் தன்னோடு உறிஞ்சிக்கொண்டு போய் இடுக்கை அடைத்தது. தேடும் வேலையைத் தண்ணீரே செய்துவிட்டது. அதன்பின் ஒரு பம்பே போதுமானதாக இருந்தது.

ஒரு ஆற்று முகத்துவாரத்தில் கப்பலைக் கரையேற்றி, ஜூன் 22 அன்று ஓதம் வற்றியதும் பார்த்தார்கள். வலதுபுறம், முன்முனையான அணியத்துக்கு அருகில், நான்கு பலகைகளை அறுத்துக்கொண்டு வங்குக்கால்வரை போயிருந்தது பாறை. உளி வைத்து வெட்டியதுபோல் சிராய் இல்லாத வெட்டு. அதில் பெரிய பவளத் துண்டொன்று ஒடிந்து சிக்கி, தக்கைபோல் துவாரத்தை அடைத்திருந்தது. கசிவுநீரின் போக்கு எப்படி ஏமாற்றும் என்பதற்கும் அதே கரையில் ஒரு சாட்சி கிடைத்தது. தாவரவியலர் ஜோசப் பேங்க்ஸ் தாம் சேகரித்த செடிகளைப் பத்திரமாகப் பின்முனையான அமரத்துப் பக்கம் ரொட்டி அறையில் வைத்திருந்தார். அணியம் உயர்ந்து நின்றதால் அடியறை நீரெல்லாம் பின்னால் ஓடி அவற்றை மூழ்கடித்துவிட்டது.

பெரிய ஓட்டை சரியாயிற்று. இடதுபுற அடிப்பாகம்தான் எட்டவில்லை, ஓதம் எவ்வளவு வற்றினாலும் அங்கே நீர் நின்றது. தச்சர் குழுவில் குக் நம்பிய ஒருவர் மூழ்கிப் போய்ப் பார்த்தார். மூன்று வரிசைக் காப்புப்பலகை ஏழெட்டு அடி நீளத்துக்குப் பெயர்ந்திருக்கிறது, மூலப்பலகை கொஞ்சம் உராய்ந்திருக்கிறது என்றார். பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்பது தச்சரின் கருத்து. அங்கே போய்ச் செப்பனிடவும் முடியாது. குக் அதை அத்தோடு விட்டுவிட்டு ஆகஸ்ட் 4 அன்று பாய் விரித்தார்.

தச்சரைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் பார்த்தது பாறை உண்டாக்கிய காயத்தை. புழு உண்டாக்கும் காயம் வேறு மாதிரி. கப்பல் புழு உண்மையில் புழுவே அல்ல, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குண்டூசி முனையளவு துளையில் நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, இழைக்கு இழை தோண்டும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை நல்ல பலகைதான். காப்புத்தோல் பெயர்ந்த இடம், வெப்பக் கடல், சில மாத அவகாசம் ஆகிய மூன்றும் அதற்குக் கிடைத்தன.

மூலம் தெரியாத ஒழுக்கு பல சமயம் ஆட்கள்மேல் சந்தேகமாக மாறும். 1620இல் மேஃபிளவரோடு அமெரிக்காவுக்குக் கிளம்பிய ஸ்பீட்வெல் கப்பல் இரண்டு முறை ஒழுகித் திரும்பியது. முதல் முறை டார்ட்மவுத்தில் அடைத்தார்கள். இரண்டாம் முறை பிளிமவுத்தில் தேடியபோது தனியாக ஓட்டை எதுவும் அகப்படவில்லை, கப்பலே பலவீனம் என்று தீர்ப்பாயிற்று. கப்பலுக்கு மீறிய பாய்மரம், அதன் இழுப்பில் பொருத்துகள் வாய்பிளந்தன என்று பிற்பாடு தெரிந்ததாகப் பயணிகளில் ஒருவரான வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதினார். ஆனால் அத்தோடு நிற்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து நழுவக் கப்பல் தலைவரும் ஆட்களும் செய்த சூழ்ச்சி என்றும் எழுதினார். பாய்மரக் காரணமே போதும் என்று தோன்றுகிறது. துரோகம் என்றால் யார்மேலாவது கோபப்படலாம் அல்லவா!

எண்டெவரில் அப்படி யாரும் யாரையும் பழிக்கவில்லை. ஆனால் படேவியாவில் கப்பலைச் சாய்த்துப் பார்க்காமல் இங்கிலாந்துக்குப் போகமுடியாது என்று குக் முடிவெடுத்தார். அந்தச் செலவுக்கு நகரில் தனியார் யாரும் கடன் தரவில்லை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் தந்தது. கரைக்கு எதிரே உள்ள ஒன்ருஸ்ட் தீவில் கம்பெனியின் பட்டறை இருந்தது. சரக்கு, பீரங்கி எல்லாவற்றையும் இறக்கி, வெற்றுக் கப்பலின் பாய்மரங்களில் கப்பி கட்டி இழுத்து, ஏராமரம் வெளியே தெரியும்வரை சாய்ப்பது அங்கே வழக்கமான வேலை.

நவம்பரில் அடிப்பாகம் வெயிலுக்கு வந்தது. சாட்டர்லி சுட்டிய அதே இடத்தில், நடுப்பாய்மர வடங்களுக்குக் கீழே ஏராமரத்தை ஒட்டி, இரண்டரைப் பலகை சுமார் ஆறடி நீளத்துக்குத் தேய்ந்து, எட்டில் ஒரு அங்குலமே மிஞ்சியிருந்தது. நம் அளவில் மூன்று மில்லிமீட்டர். புழு அங்கே வங்குக்கால்வரை போயிருந்தது. இப்படியொரு அடியை வைத்துக்கொண்டு எப்படி மிதந்தீர்கள் என்று பார்த்தவர்கள் அதிசயித்தார்கள். ஆஸ்திரேலியக் கரையில் மூழ்கிப் பார்த்துச் சொன்ன உராய்வு அநேகமாக இதேதான். அத்தனை பேர் கவனமும் பவள ஓட்டைமேல் போயிற்று. சத்தமில்லாத இந்தக் காயம் அதற்கு இளைத்ததல்ல.

டச்சுப் பட்டறையின் வேலைத்திறனைக் குக் வாயாரப் புகழ்ந்தார். ஆனால் அந்த வேலைக்காகப் படேவியாவில் இரண்டரை மாதம் தங்க நேர்ந்தது. நோயில் ஆளிழக்காமல் வந்து சேர்ந்ததாகப் பெருமையோடு எழுதியவர் அவர். படேவியாவோ தேங்கிய கால்வாய்களும் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் நிறைந்த ஊர். கப்பல் மருத்துவர் வில்லியம் மங்க்ஹவுஸ், டஹிடியிலிருந்து வந்த வழிகாட்டி டுபாயா, அவருடன் வந்த சிறுவன் டயாடா உட்பட ஏழு பேர் அங்கேயே இறந்தார்கள். டிசம்பர் 26 அன்று கிளம்பிய பிறகு நன்னம்பிக்கை முனை சேர்வதற்குள் இன்னும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். ஓவியர் சிட்னி பார்க்கின்சன், வானியலர் சார்லஸ் கிரீன், பாய் தைக்கச் சொன்ன ஜோனதன் மங்க்ஹவுஸ், தச்சர் சாட்டர்லி எல்லாரும் அந்தப் பட்டியலில் அடங்குவார்கள். ஒழுக்கில் ஒருவர்கூடச் சாகவில்லை. அதைச் சரிசெய்ய நின்ற ஊர்தான் கொன்றது.

1771 ஜூலையில் எண்டெவர் இங்கிலாந்து திரும்பியது. 1775இல் விற்கப்பட்டு, லார்ட் சாண்ட்விச் என்ற பெயரில் படைகளை ஏற்றியது. 1778இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் உள்ள நியூபோர்ட் துறைமுக வாயிலை அடைக்க, வேறு பல கப்பல்களோடு ஆங்கிலேயர்களே வேண்டுமென்று மூழ்கடித்தார்கள். பவளப்பாரில் தள்ளிய ஆறு பீரங்கிகளும் 1969இல் கண்டெடுக்கப்பட்டன. நியூபோர்ட் அடியில் கிடக்கும் சிதைவுகளில் ஒன்று எண்டெவர்தான் என்று ஆஸ்திரேலியத் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் 2022இல் அறிவித்தது. அவசரப்படுகிறீர்கள் என்று ரோட் தீவு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அருங்காட்சியகம் காட்டும் சான்றுகளில் ஒன்று பம்புக் குழி. சிதைவில் அது இருக்கும் இடமும், 1768இல் கடற்படை வரைந்த வரைபடத்தில் உள்ள இடமும் ஒத்துப்போகின்றன.