ஒளியால் மூட்டிய நெருப்பின் கணக்கு

1957ஆம் ஆண்டில், மலைக்குகையொன்றினுள் ஐதரசன் குண்டுகளை வெடித்து மின்சாரம் பெறும் திட்டமொன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்திற் பரிசீலிக்கப்பட்டது. அதனை ஆராய்ந்த ஜோன் நக்கோல்ஸ் என்பார், அவ்வெடிப்பை எத்துணைச் சிறிதாக்கலாம் என்று எண்ணத் தொடங்கினார். அணுகுண்டாகிய தீக்குச்சியின்றி ஐதரசனைப் பற்றவைப்பது எங்ஙனம்? 1960இல் இலேசர் ஒளி தோன்றியதும் அதற்கொரு வழி புலப்பட்டது.

1972இல் அவரும் துணைவர் மூவரும் வெளியிட்ட கட்டுரை பெருநம்பிக்கை ஊட்டியது. ஐதரசனைத் திரவநிலையினும் பதினாயிரம் மடங்கு நெருக்கினால், சுமார் 1,000 யூல் ஒளியே செலவுக்கு ஈடான சக்தியைத் தருமென்பது அவர்தம் கணிப்பு.

இயற்கை அத்துணை எளிதில் இணங்கவில்லை. 1977இல் எழுந்த இருபது கதிர் இலேசருக்குச் 'சிவா' என்று பெயர். பல கரங்களை நினைந்து இட்ட பெயராம்! அதன் செங்கீழ் ஒளி இலத்திரன்களை மிகைச்சூடேற்ற, அவை எரிபொருளை முற்படவே வெதுப்பி, நெருக்கத்தைக் கெடுத்தன. பின்னர் வந்த இலேசர்கள் ஊதாக்கடந்த ஒளியை நாடின.

ஆதாயத்தின் சூட்சுமம் யாது? இரு பார ஐதரசன் கருக்கள் இணையும்போது பிறக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்கை நியூத்திரன் வெளியே கொண்டேகும். எஞ்சிய ஒரு பங்கு ஈலியக் கருவினது. அக்கரு நெருங்கிய எரிபொருளிலேயே தங்கிச் சூடேற்றினால் தீ பரவும். எரிபொருள் சிதறிப்போகாமல், நொடியில் நூறு கோடியிலொரு பங்கினும் குறைந்த நேரம் பிடித்துவைப்பது அதன் சொந்தச் சடத்துவமே, வேறு சுவரில்லை.

2009இல் 192 கதிர்களுடன் லிவர்மோரில் நிறைவெய்திய தேசியப் பற்றவைப்பு நிலையம், 2012இற்குள் தீமூட்ட முயன்று தவறியது. கடுகளவான உறையைத் தாங்கிய மென்படலமே உருண்டையான நெருக்கத்தைக் குலைத்த காரணங்களுள் ஒன்று.

2021 ஓகஸ்ட் 8இல் 19 இலட்சம் யூல் ஒளிக்கு 13 இலட்சம் யூல் கிட்டியது. 2022 டிசெம்பர் 5இல் 20.5 இலட்சத்துக்கு 31.5 இலட்சம்! ஒளிக்கணக்கில் ஒன்றரை மடங்கு இலாபம். எனினும் அவ்வொளியை உண்டாக்கச் செலவான மின்சாரம் சுமார் 30 கோடி யூல். அக்கணக்கில் வரவு நூற்றிலொரு பங்கே. 2023 யூலையில் வரவு 38.8 இலட்சமாயிற்று, மின்கணக்கின் பள்ளமோ அப்போதும் தூரவில்லை.