பாண்டியர் இலாயத்துப் பரிகள்

தாமிரபருணி கொணர்ந்து குவித்த வண்டலால் கடலைவிட்டு ஒதுங்கிப்போய், இன்று பழையகாயல் என்னும் சிற்றூராக எஞ்சியிருக்கும் இடத்தில்தான், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய மேற்றிசைத் துறைகளிலிருந்து வந்த மரக்கலங்கள் நங்கூரம் பாய்ச்சின. அவை இறக்கிய சரக்குகளுள் பாண்டிய மன்னர் பெரிதும் விரும்பியது குதிரை. ஹோர்முஸ் துறையில் இரும்பாணியின்றித் தென்னைநார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கப்பல் கட்டினர் என்றும், ஏற்றிய சரக்கின்மேல் தோலைப் பரப்பி, அதன்மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு அனுப்பினர் என்றும் மார்க்கோ போலோ வர்ணிக்கிறார். பாய்மரம் ஆடுந்தோறும் கால் ஊன்ற இடமின்றித் தத்தளித்த அந்த ஜீவன்களின் அவஸ்தையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வணிகத்தின் அளவைப் பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் கணக்கோடு தருகிறார். கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றின் விலையும் 220 செம்பொன் தீனார். வழியில் இறந்துபடும் குதிரைக்கும் அரசாங்கப் பொக்கிஷமே பணம் கொடுக்கும் என்பது உடன்படிக்கை. இவ்வளவு தாராளமான ஏற்பாடு எவ்வாறு உண்டாயிற்று என்று வியப்பவர்க்கு ஒரு செய்தி: சுந்தர பாண்டியனுடைய மந்திரியாகக் காயலில் அதிகாரம் செலுத்திய தகியுத்தீன், அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவர்.

வாங்கிய குதிரைகள் என்னவாயின? 1292-ஐ ஒட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசுபுரிந்த சகோதரர் ஐவரும் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் ஒவ்வொருவரிடத்தும் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். அயலான் மிகைபடச் சொல்வது வழக்கமே. ஆகையால் எண்ணைச் சற்றுக் குறைத்தே கொள்வோம். ஆயினும் அவர் காட்டும் காரணங்கள் கவனிக்கத்தக்கவை. குதிரைக்குச் சோற்றோடு இறைச்சியையும் சமைத்து ஊட்டினார்களாம். வஸ்ஸாபோ, வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெயிட்டு வேகவைத்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாகச் சொல்லுகிறார். மேலும், வந்த குதிரையை முளையடித்துக் கட்டி, நாற்பது நாள் மாப்பிள்ளைக்கு விருந்திடுவதுபோல் ஊட்டிக் கொழுக்க வைத்தபின், யாதொரு பயிற்சியுமின்றி வீரர்கள் ஏறிப் பேய்போல் விரட்டினார்களென்றும், அதனால் வலிமை மிக்க பரிகளும் விரைவிலே தளர்ந்து உதவாது போயினவென்றும் அவர் எழுதுகிறார்.

இதனை வாசிப்பவர், நம் முன்னோர் குதிரையிடத்து இரக்கமற்றவர் என்று முடிவு கட்டுதல் தவறு. பாலும் வெண்ணெயும் பகைவனுக்கு யாரும் கொடுப்பதில்லை. தாம் உண்பவற்றுள் உயர்ந்ததை அதற்கும் ஊட்டிய அபிமானத்தில் குறைவு இல்லை. உலர்ந்த நிலத்தில் புல்மேய்ந்து ஓடிப் பழகிய பிராணிக்கு எது தக்கது என்ற அறிவே குறைந்திருந்தது. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கிய அசுவ சாஸ்திரங்கள் வடமொழியில் இருந்தன என்பது மெய். ஏட்டிலிருந்த வித்தை இலாயத்துக்கு எட்டவில்லை போலும். கொள்ளென்றால் வாய்திறப்பதையும் கடிவாளமென்றால் வாய்மூடுவதையும் பழமொழியாக்கிய ஜனங்கள், அந்தக் குதிரை ஏன் மெலிகிறது என்பதை விசாரிக்கவில்லை.

அறிந்தவர் ஒருசாரார் இருந்தனர், அவர்கள் விற்றவர்கள். லாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் வல்லவர்களை வணிகர் உடன் அழைத்து வருவதில்லை, வரவும் விடுவதில்லை என்று போலோ வெளிப்படையாகக் கூறுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த பருவத்தில் மறுபடியும் விற்கலாம்! குதிரைகள் மடிந்ததற்கு இந்நாட்டு வெப்பத்தைப் பழிப்பதற்கு முன் இந்த வஞ்சகத்தைப் பழிப்பதே நியாயமென்று எனக்குத் தோன்றுகிறது.

குதிரை வாங்கத் திருப்பெருந்துறைக்கு அனுப்பப்பட்ட மாணிக்கவாசகர் பொருளைத் திருப்பணியில் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி வந்து, இரவில் மீண்டும் நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் கொன்றதும் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை. அது பக்தர்க்கு உரியது, சரித்திரச் சான்றாகாது. எனினும், மாலையில் கொழுத்து நின்ற புரவி காலையில் மாய்ந்து கிடந்த காட்சி மதுரை இலாயத்தாருக்குப் புதிதாக இருந்திராது.

பாண்டியர் ஆட்சி மறைந்தபின் குதிரைமோகம் விஜயநகரத்தாரைப் பற்றிக்கொண்டது. 16-ஆம் நூற்றாண்டில் அந்நகரில் தங்கிய போர்த்துக்கீசியர் நூனிஸ், சாளுவ நரசிம்மன் காலத்து வழக்கமொன்றைக் குறித்துவைத்திருக்கிறார்: ஆயிரம் பர்தாவோ நாணயத்துக்கு மூன்று குதிரை என்பது பேச்சு, உயிரோடிருந்தாலும் இறந்தாலும் விலை ஒன்றே, கடலிலே மடிந்த குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால், முழுத்தொகையும் எண்ணிக் கொடுத்தார்கள்.