தலைக்கயிறும் தோளும்

நக்கிள்ஸ் மலை ஏற வர்றவங்களோட முதுகுப்பையைக் கவனிச்சிருப்பீங்க. இடுப்பைச் சுத்தி அகலமான பட்டி ஒன்று இருக்கும். பாரத்தைத் தோளிலிருந்து இறக்கி இடுப்புக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. மலையேறுபவரின் தோளைக் காப்பாற்ற உலகம் அவ்வளவு யோசித்திருக்கிறது. ஆனா பன்வில மலைகளில் தினமும் பாரத்தோடு ஏறி இறங்கியவர்களின் தோளுக்கு என்ன நடந்தது? இந்த வரலாற்றை நாங்கள் அங்கிருந்துதான் பார்க்க விரும்புகிறோம்.

கெலாபொக்க, ரங்கலை பக்கமெல்லாம் முதலில் கோப்பிக்காடு. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்தது. இரண்டு வருசம் முந்தி, அதே கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிய, தேயிலை பரவியது.

தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருசம் பூரா கொழுந்து எடுக்கணும். அதனால குடும்பங்கள் லயத்தில் தங்கின. கொழுந்துக்கூடை பெரும்பாலும் பெண்களின் முதுகுக்குப் போனது. கோப்பிக்காலத்தில் உடம்புக்குக் கிடைத்த இடைவெளியும் அதோடு போச்சு.

தோள்மூட்டு பெரிய பந்தும் சின்னக் குழியும் சேர்ந்தது. பந்தைக் குழியில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும். கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடி மணிக்கணக்கில் கொழுந்து கிள்ளினால் அந்தத் தசைகளுக்கு ஓய்வே இல்லை. கூடையின் கயிறோ தலையில். தோள்பட்டையைத் தாங்கும் தசைகள் கழுத்திலிருந்தே வருவதால், தலை சுமக்கும் பாரத்தைத் தோளும் சேர்த்துத்தான் சுமக்குது.

தோட்டத்துக் கணக்கில் கொழுந்தின் நிறை இருந்தது. அதைச் சுமந்த உடம்பு இல்லை. றாத்தல் கிலோவானது, பிரம்புக்கூடைக்குப் பதிலா பல இடங்களில் பை வந்தது. கயிறு மட்டும் தலையிலேயே நின்றது. 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் முக்கியமாக விபத்துகளை மனதில் வைத்தது. இருபது வருசமா மெல்ல மெல்லத் தேய்ஞ்ச தோளை எந்தத் திகதியில் நடந்த விபத்துன்னு காட்டுவது? சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967இல் ஆண்களின் சுமைக்கு 55 கிலோ என்று ஒரு வரம்பைப் பரிந்துரைத்து, பெண்களுக்கு அது கணிசமாகக் குறைய வேண்டும் என்றது. ஆனா கிலோ கணக்கு மட்டும் போதாது. செங்குத்துச் சரிவும், நீட்டிய கையும், நாளின் நீளமும் சேர்ந்ததுதான் பாரம்.

தடுக்கும் வழிகள் பெரிய இரகசியமல்ல. கூடை நிரம்பும் முன்பே இறக்கணும்; அதற்கு நிறுவை இடம் கிட்ட இருக்கணும். செடிக்கு நெருங்கி நின்று முழங்கையை உடம்போடு வைத்துக் கிள்ளணும். வேலைக்கு முன் தோளைச் சுழற்றி, தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து விடணும். இரவில் வலி எழுப்பினாலோ, கை உயரலைன்னாலோ தைலத்தோடு நிறுத்தாமல் டொக்டரிடம் போகணும்.

இதில் பாதிதான் அந்தப் பெண்ணின் கையில் இருக்கு. நாளுக்கு இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர் என்ற நிலையில், "பாரத்தைக் குறைச்சுக்கோங்க அக்கா" என்று மட்டும் சொல்வது வெறும் புத்திமதி. நிறுவை எங்கே, எத்தனை தடவை, கிலோ எவ்வளவு என்பதெல்லாம் சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு வர வேண்டிய விசயங்கள். அங்கே ரூபாயோடு தோளையும் சேர்த்துப் பேசச் சொல்கிறோம்.