உள்ளே போன பந்து மட்டும்தான் கணக்கு - பீட்டர் தங்கராஜ்

விழுப்புரத்துல சின்ன வயசுல நாங்க பந்து விளையாடுறப்ப கோல்கீப்பரைத் தேர்ந்தெடுக்கிற முறை ரொம்ப சுலபம். ஓட முடியாத குண்டுப் பையன், இல்லைன்னா கண்ணாடி போட்டவன், ரெண்டு பேரும் வரலைன்னா யாரோட தம்பியாவது. ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல அவனை நிறுத்திட்டு மத்தவங்க எல்லாரும் முன்னாடி ஓடிடுவோம். நான் அந்தக் கண்ணாடி கோஷ்டி :-) பத்து பந்து பிடிச்சாலும் ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒண்ணு கால் சந்துல போயிடுச்சுன்னா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் திட்டு.

அந்தப் பழைய கடுப்போ என்னவோ, எந்த விளையாட்டா இருந்தாலும் கோலிகளைப் பத்தித் தேடிப் படிக்கிற பழக்கம் ஒட்டிக்கிச்சு. ஐஸ் ஹாக்கி எனக்குப் புரியாது. விழுப்புரம் வெயில்ல ஐஸ்ங்கிறது கரும்புச்சாறு கடையில மட்டும்தான் தெரியும். ஆனா ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட்னு ஒரு ஸ்வீடன்காரரைப் பத்திப் படிச்சேன். 1982ல் பிறந்தவர். 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்ல ஸ்வீடனுக்குத் தங்கம். 2005ல இருந்து 2020 வரைக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குக் கோலி. 887 ஆட்டம், 459 வெற்றி. 2022 ஜனவரியில அவரோட 30ம் நம்பர் சட்டையை அரங்கத்து உத்தரத்துல ஏத்தித் தொங்கவிட்டாங்க. இனிமே அந்த அணியில அந்த நம்பரை வேற யாரும் போட முடியாது. 2023ல் புகழ் அரங்கத்துலயும் சேர்த்துட்டாங்க. இதுல என்னை அசர வச்சது சம்பளமோ (ரேஞ்சர்ஸோட கடைசி ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 59.5 மில்லியன் டாலர்!) விருதோ இல்ல. அவர் தடுத்த ஒவ்வொரு அடியையும் ஒருத்தர் உக்காந்து எண்ணி எழுதி வச்சிருக்காங்க. அவரை நோக்கி வந்த அடிகள்ல நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணுக்கு மேல தடுத்திருக்கார். கணக்கு கையில இருக்கு.

சரி, நம்ம ஆளுக்கு வருவோம். திண்டிவனத்துல இருக்கிற என் சித்தப்பா பையன் 2024ல் 'மைதான்' இந்திப் படம் பார்த்துட்டு ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினான். "அண்ணே, அதுல உயரமா ஒரு கோலி வர்றாரே, தங்கராஜ்னு... நிஜமாவே அப்படி ஒருத்தர் இருந்தாரா? தமிழரா?" இருந்தார்டான்னு சொல்லிட்டுப் படுத்துட்டேன். தூக்கம் வரல. அதுக்கு மேல அவனுக்கு என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சப்பதான் இந்தப் பதிவு.

பீட்டர் தங்கராஜ் பிறந்தது 1935 டிசம்பர் 24, ஹைதராபாத்ல. வேர் எந்தப் பக்கம்னு பேரே சொல்லுது. அந்தக் காலத்து ஹைதராபாத் - செகந்திராபாத் கால்பந்துக்காரங்களோட ஊர். மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன்னு உள்ளூர் கிளப்புகள்ல ஆட ஆரம்பிச்சார். கோலியா இல்ல, சென்டர் ஃபார்வர்டா! கோல் அடிக்கிற இடத்துல நின்னவர்தான் பின்னாடி கோல் தடுக்கிற இடத்துக்கு வந்தார்.

அந்த மாற்றம் நடந்தது ராணுவத்துல. 1953ல் சேர்ந்தார், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். குன்னூர் பக்கம் வெலிங்டன்ல இருக்கே, அதேதான். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வேர் 1758 வரைக்கும் போகுது. நம்ம பக்கத்துப் பசங்க ஆள் எடுப்புக்கு ராத்திரியே போய் ரோட்டோரம் படுத்துக் கிடந்து விடிகாலையில ஓடுறாங்களே, அந்தப் பசங்க நிறைய பேர் போய்ச் சேரணும்னு ஆசைப்படுற இடம். அங்க இவரோட உயரத்தைப் பார்த்துட்டு கம்பத்துக்கு நடுவுல நிறுத்தினாங்க. ஆறடியைத் தாண்டின உடம்பு. கால்பந்து கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். லுண்ட்க்விஸ்ட் காத்தது 6 அடிக்கு 4 அடி, அதுவும் உடம்பு முழுக்க மெத்தை கட்டிக்கிட்டு. (ஸ்வீடன்காரர் மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. அந்த ரப்பர் வட்டு வர்ற வேகத்துக்கு மெத்தை இல்லாம நிக்க முடியாது.) தங்கராஜ் காலத்துல நம்ம ஊர் கோலிக்குப் பாதுகாப்புன்னா கம்பளி சட்டைதான். எதிராளி ஃபார்வர்டு கோலியைத் தோளால இடிச்சுத் தள்ளுறதைக்கூட ஓரளவுக்கு அனுமதிச்ச காலம் அது.

1955ல் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் டூரண்ட் கோப்பையை ஜெயிச்சது. 1958ல் திரும்பவும். டூரண்ட் கோப்பை 1888ல் சிம்லாவுல ஆரம்பிச்ச போட்டி. நீலகிரி மலையில பயிற்சி எடுத்த ஒரு சிப்பாய் அணி அதை ரெண்டு தடவை தூக்கிட்டு வந்தது, ரெண்டு தடவையும் கோலி இவர்தான். 1955லயே இந்திய அணிக்கும் வந்துட்டார்.

இந்திய அணியோட நிலைமை அப்ப எப்படி இருந்ததுன்னு தெரிஞ்சாத்தான் இவர் எங்க வந்து நின்னார்னு புரியும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல யூகோஸ்லாவியாகிட்ட 1-10. ஆமாங்க, பத்து. அதுல நம்ம ஆளுங்க நிறைய பேர் வெறுங்கால்ல ஆடினாங்க. நாலே வருஷத்துல, பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் கையில, பூட்ஸ் போட்ட ஒரு அணி 1956 மெல்போர்னுக்குப் போய் ஆஸ்திரேலியாவை அவங்க மண்ணுலயே 4-2ன்னு அடிச்சு நாலாவது இடம் பிடிச்சது. நெவில் டிசோசா மூணு கோல். அந்த அணியில ரெண்டு கோலி, ரெண்டு பேருமே தென்னாட்டுப் பேர்: தங்கராஜ், எஸ்.எஸ். நாராயண். 1958ல் ஆசியாவோட சிறந்த கோல்கீப்பர்னு தங்கராஜைத் தேர்ந்தெடுத்தாங்க. அப்ப அவருக்கு 22 வயசு. கோலிகளுக்கு அது பால்குடி வயசு. முப்பதுக்கு மேலதான் கோலிக்கு நிதானமே வரும்னு சொல்லுவாங்க.

1960 ரோம். இதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். இந்தியா இருந்த பிரிவுல ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியில ஃப்ளோரியன் ஆல்பர்ட்னு ஒரு இளவட்டம். 1967ல் ஐரோப்பாவோட சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கினவர். அந்த ஹங்கேரிகிட்ட இந்தியா தோத்தது வெறும் 1-2. பலராம் ஒரு கோல் போட்டார். பிரான்ஸோட 1-1, பி.கே. பானர்ஜி போட்ட கோலால நாம முந்தி இருந்தோம், கடைசிக் கட்டத்துல அவங்க சமன் பண்ணிட்டாங்க. பெருகிட்ட 1-3. அதோட ஊருக்குத் திரும்பியாச்சு. அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் போனதே கிடையாது.

மூணு ஆட்டம், ஆறு கோல் உள்ள போச்சு. ஏட்டுல தங்கராஜ் பேருக்கு நேரா இருக்கிறது இந்த ஆறுதான். அந்த ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கின ஹங்கேரி அன்னிக்கு எத்தனை தடவை அடிச்சிருப்பாங்க? இவர் எத்தனை தடவை பாய்ஞ்சு தட்டிவிட்டிருப்பார்? எட்டு வருஷம் முன்னாடி பத்து வாங்கின நாடு, ஹங்கேரி மாதிரி ஒரு அணிகிட்ட ரெண்டோட தப்பிச்சதுல அவர் பங்கு எவ்வளவு? அதை எண்ண ஒரு ஆள் இல்லை. உள்ள போனது மட்டும் கணக்கு. விழுப்புரத்துல செங்கல்லுக்கு நடுவுல நின்ன எனக்கும் அதே சட்டம்தான்னு வைங்க, ஆனா நான் விட்டது எங்க தெரு அணியோட மானம் மட்டும்.

அதே 1960ல் சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபி ஜெயிச்சது. கேப்டன், கோலி தங்கராஜ்.

இனி ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு. படத்துல பார்த்தவங்களுக்குக் கதை தெரியும், ஆனா கோலி பக்கத்துல இருந்து பார்த்தா வேற மாதிரி இருக்கும். முதல் ஆட்டத்துலயே தென் கொரியாகிட்ட 0-2 தோல்வி. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0. தாய்லாந்து ஆட்டத்துல டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைஞ்சு தையல். அரையிறுதியில தெற்கு வியட்நாமை 3-2. இறுதிப் போட்டிக்குத் திரும்பவும் அதே கொரியா.

வெளியில அரசியல் வேற. தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேஷியா உள்ள விடாததை இந்தியாவோட ஜி.டி. சோந்தி தட்டிக் கேட்டார். ஊரே இந்தியாவுக்கு எதிரா கொதிச்சுது. செப்டம்பர் 4, சேனாயன் அரங்கத்துல ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், இந்தியா பந்தைத் தொட்டாலே ஊளை.

ரஹீம் அன்னிக்கு ரெண்டு முடிவு எடுத்தார். ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது: தலையில கட்டோட இருந்த ஜர்னைல் சிங்கை முன்வரிசையில ஆடவிட்டார். இன்னொண்ணு அவ்வளவா யாரும் பேசாதது: கோலியை மாத்தினார். அதுவரைக்கும் கோல் காத்தவர் வங்காளத்து பிரத்யுத் பர்மன். இறுதிப் போட்டிக்குத் தங்கராஜ். உயரப் பந்து போட்டு ஆடுற கொரியாவுக்கு எதிரா உயரமும் அனுபவமும் வேணும்னு கணக்கு. யோசிச்சுப் பாருங்க, மத்த பத்து பேருக்கும் அந்த மைதானம், அந்த ஊளை, அந்தக் கொரியாக்காரங்க எல்லாம் பழகியாச்சு. இவர் நேரா இறுதிப் போட்டிக்குள்ள நடந்து போறார். ஆட்டத்துக்கு நடுவுல ஆள் மாத்துறதும் அப்ப நடைமுறையில இல்லை, உலகக் கோப்பையிலேயே அது 1970லதான் வந்தது. சரியா வரலைன்னா மீட்க வழியே கிடையாது. (பர்மனை நினைச்சாலும் பாவமா இருக்கு. இறுதி வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டு வெளியில உக்காந்து பார்க்கிறது எவ்வளவு கொடுமை. அந்த வலியும் கோலிக்கு மட்டுமே உள்ளது, ஏன்னா அணியில கோலி நாற்காலி ஒண்ணுதான்.)

ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷத்துக்குள்ள பி.கே. பானர்ஜி ஒண்ணு, தலைக்கட்டோட ஜர்னைல் ஒண்ணு. 2-0. மிச்ச எழுபது நிமிஷம் என்ன? ரெண்டு கோல் முன்னாடி இருக்கிற அணியோட கோலிக்கு நேரம் நகராது. கொரியா ஒரு கோல் போட்டது, ஆட்டம் முடிய அஞ்சு நிமிஷம் இருக்கும்போது. அதுவரைக்கும் கதவு சாத்தியே இருந்தது. 2-1, தங்கம். கேப்டன் சுனி கோஸ்வாமி. ஆசிய விளையாட்டுக் கால்பந்துல இந்தியா வாங்கின கடைசித் தங்கம் அது. அப்பவே நுரையீரல் புற்றுநோயோட இருந்த ரஹீம், அடுத்த ஜூன்ல, 1963ல், போய்ச் சேர்ந்துட்டார்.

இன்னிக்கு அந்த ஆட்டத்தைப் பத்தி எதைப் படிச்சாலும் பி.கே., ஜர்னைல், சுனி, ரஹீம். கோலி ஒரு வரி.

தங்கராஜ் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் நின்னார். 1964 ஆசியக் கோப்பையில இந்தியா ரெண்டாவது இடம், அதுலயும் இருந்தார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுலயும் ஆடினார். கல்கத்தாவுல முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால்னு மூணு பெரிய கிளப்புக்கும் கோல் காத்தார். அந்த ஊர்ல இது சாதாரண விஷயம் இல்ல, நேத்து வரைக்கும் தோள்ல தூக்கினவன் இன்னிக்குக் கல்லெறிவான். ரொம்ப காலம் இருந்தது ஈஸ்ட் பெங்கால்ல. 1967ல் அர்ஜுனா விருது. காசு? அந்தக் காலத்து இந்தியக் கால்பந்து ஏட்டளவுல அமெச்சூர். ராணுவம், ரயில்வேன்னு ஏதாவது ஒரு வேலையில இருந்துக்கிட்டேதான் பந்து. பி.கே. பானர்ஜி ஆசியத் தங்கம் வாங்கினப்ப கிழக்கு ரயில்வே ஊழியர். லுண்ட்க்விஸ்ட்டோட ஒப்பந்தத்தை இவங்ககிட்ட சொல்லியிருந்தா எத்தனை சைபர்னு கேட்டிருப்பாங்க.

1970களோட தொடக்கத்துல ஓய்வு. பயிற்சியாளரா சில ஊர் சுத்தினார், கடைசியா பொகாரோ உருக்காலை ஊர்ல தங்கிட்டார். அங்கேயே 2008 நவம்பர் 24ல் காலமானார். இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தா 73 முடிஞ்சிருக்கும்.

மறுநாள் காலையில தம்பிக்கு போன் பண்ணி இதை எல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அண்ணே, அவர் தடுத்ததுல ஒண்ணாவது வீடியோ இருக்கா?"ன்னான். தேடிட்டுச் சொல்றேன்டான்னேன். இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்.

கொசுறு: 1960ல் பெருகிட்ட 1-3ன்னு தோத்தோமே, அந்த ஒரு கோலை அடிச்சவர் பேர் சைமன் சுந்தர்ராஜ். ஒலிம்பிக் கால்பந்துல இந்தியா அடிச்ச கடைசிக் கோல் அதுதான். ஒரு முனையில கோல் தடுத்தவர் தங்கராஜ், மறுமுனையில கோல் அடிச்சவர் சுந்தர்ராஜ். தம்பிகிட்ட இதைச் சொல்ல மறந்துட்டேன்.