அறங்காவலரும் வழக்காறும்: கமுதி வழக்கு முதல் 1939ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டம் வரை

முன்னுரை

சட்டம் என்பது இறைமையுடையோன் இடும் ஆணையா, மக்களிடையே நெடுங்காலம் நின்று நிலைத்த வழக்காறா, அன்றி அறத்தோடு பொருந்தும்போது மட்டுமே அப்பெயர் பெறத்தக்கதா என்னும் வினா சட்ட மெய்யியலின் பழைய வினாவாகும். ஆஸ்டின், சவிஞி, ஹார்ட், ஃபுல்லர் ஆகியோரின் நூல்களைக் கொண்டே இவ்வினா நம் வகுப்பறைகளில் பெரிதும் பயிற்றப்படுகிறது. தென்தமிழகத்தின் கோயில் வாயில்களில் இதே வினா நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடு பொருளாக இருந்தது. 'டிரஸ்டி' என்னும் பதவிக்குத் தமிழ் 'அறங்காவலர்' என்று பெயரிட்டுள்ளது. அவர் காப்பது அறத்தையா, வழக்காற்றையா என்பதற்கு நீதிமன்றமும் சட்டமன்றமும் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

களம்

சங்கரன்கோவிலை நடுவாக வைத்து நோக்கினால் இவ்வரலாற்றின் நிலவியல் தெளிவாகும். கிழக்கே உள்ள கழுகுமலையில், தேரோடும் வீதி பொதுவழியா, கோயிலுக்கு உரியதா என்னும் பூசல் முற்றி, 1895இல் தேர்த்திருவிழாவின்போது கலவரம் மூண்டது. எட்டயபுரம் ஜமீனின் மேலாளர் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். வடகிழக்கே, அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிவகாசி, நாடார்களின் ஆலய நுழைவுக் கோரிக்கையை ஒட்டி எழுந்த பகையால் 1899 ஜூன் 6 அன்று சூறையாடப்பட்டது. தென்மேற்கே உள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. சங்கரன்கோவில் தலபுராணமோ சைவ வைணவப் பூசலைச் சங்கரநாராயணர் என்னும் ஒரே திருவுருவில் தீர்த்துவைக்கிறது. அத்திருவுருவின் முன் நிற்கத்தக்கோர் யார் என்பது அப்பூசலில் எழாத வினா.

கமுதி வழக்கு

1897 மே மாதத்தில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி, அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று அறிவிக்கவும், தூய்மைச் சடங்குக்கு இழப்பீடு பெற்றுத் தரவும் வேண்டி மதுரை நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1899இல் தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தபோது சேதுபதி எதிர்த்தரப்பினரோடு சமரசத்திற்கு இசைந்தார். விவேகானந்தரின் சிகாகோ பயணத்திற்குத் துணைநின்றவர் என்பதால் இதனை அவரது மனமாற்றமாகக் கொள்வாரும் உளர். நோக்கம் எதுவாயினும், கோயிலின் பிற வழிபாட்டாளர்கள் அச்சமரசத்தை எதிர்த்து வழக்கில் தம்மையும் சேர்த்துக்கொள்ளக் கோரினர். நீதிமன்றம் அதனை ஏற்றது. 1901இல் உயர்நீதிமன்றமும், 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் முதல் தீர்ப்பை உறுதி செய்தன. நுழைவைத் தடுக்கும் வழக்காறு மெய்ப்பிக்கப்பட்டது. அவ்வழக்காற்றைக் கைவிடும் சமரசம் அறங்காவலர் தம் பொறுப்புக்குச் செய்யும் துரோகம் என்பதே தீர்ப்பின் சாரம்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட சாத்திரத்தையும் விஞ்சும் என்னும் கோட்பாட்டைப் பிரிவி கவுன்சில் 1868இல் வகுத்தது இதே இராமநாதபுரம் அரசுரிமை வழக்கில்தான். பாஸ்கர சேதுபதியின் தந்தை முத்துராமலிங்க சேதுபதியைத் தத்தெடுத்தது செல்லும் என்று அவ்வழக்கில் முடிவாயிற்று. அவ்வகையில் சேதுபதியின் அரசுரிமையைக் காத்த அதே தீர்ப்பின் கோட்பாடு, நாற்பது ஆண்டுகள் கழித்து அவரது சமரசத்தைச் செல்லாதாக்கியது.

பரிமேலழகர் தம் குறளுரைப் பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்து, பின்னிரண்டும் உலகநெறியை நிறுத்தும் பயனுடையனவே என்று ஒதுக்குகிறார். அவர் கூறும் வழக்கு, பொருள் குறித்த பிணக்கும் அதன் தீர்வுமாகும். 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பு இப்பகுப்பில் அடங்குவதன்று. அது ஒழுக்கத்தை வினவவே இல்லை. வினவத் தனக்கு அதிகாரமில்லை என்னும் நிலையிலேயே நின்றது. அறங்காவலருக்கும் அவ்வதிகாரம் இல்லை என்றது. நீதிபதி மாற்ற இயலாத, அறங்காவலரும் மாற்ற இயலாத ஒரு விதியை மாற்றும் ஆற்றல் அரசியலுக்கு மட்டுமே எஞ்சியது.

ஆணையும் மன்னிப்பும்

திருவிதாங்கூரில் அது எளிதாக நிகழ்ந்தது. 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் வெளியிட்ட அறிவிப்பால் அரசின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. ஆஸ்டின் கூறும் இறைமை ஆணைக்கு இதனினும் தூய சான்று காண்பது அரிது. ஆனால் செங்கோட்டையின் எல்லையைக் கடந்து கிழக்கே வந்தால் 1908ஆம் ஆண்டுத் தீர்ப்பே சட்டம்.

சென்னை மாகாணத்தில் 1938இல் எம்.சி. ராஜா கொணர்ந்த ஆலய நுழைவு மசோதாவைப் பிரதமர் இராஜாஜி ஆதரிக்கவில்லை. அவ்வாண்டில் மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இந்நிலையில் 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவரையும் விருதுநகர் எஸ்.எஸ். சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அதற்கு இசைந்திருந்தார். கமுதித் தீர்ப்பின்படி நோக்கினால் அவ்விசைவு சேதுபதி செய்ய முயன்ற அதே துரோகம்.

எனவே அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1939ஆம் ஆண்டின் 22ஆம் சட்டமும் இரு பணிகளைச் செய்ய வேண்டியிருந்தன. வழிபாட்டாளர்கள் பொதுவாக எதிர்க்கவில்லை என்று கருதும் அறங்காவலர், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்கலாம் என்றது முதற்பணி. 1908இல் மறுக்கப்பட்ட விருப்புரிமை இவ்வாறு மீட்டளிக்கப்பட்டது. முன்னரே நிகழ்ந்த நுழைவுக்காக எவர்மீதும் வழக்குத் தொடுப்பதைத் தடுத்துப் பாதுகாப்பளித்தது இரண்டாம் பணி.

இரண்டாவதை எளிதாகக் கடந்துவிடலாகாது. ஆளும் கட்சியினர் செய்த செயலை அக்கட்சியின் அரசே பின்னோக்கிச் சென்று குற்றமற்றதாக்கியது என்னும் ஆட்சேபம் வலுவானது. சட்டம் எதிர்காலத்தையே நோக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் உள்ளார்ந்த அறமாக 1964இல் வகுத்த ஃபுல்லரும், முந்தைய பிழையைச் சீர்செய்யும் பின்னோக்குச் சட்டம் சிலவேளை தேவைப்படும் என்று ஒப்புக்கொள்கிறார். 1939ஆம் ஆண்டுச் சட்டம் எவரையும் பின்னோக்கித் தண்டிக்கவில்லை, தண்டனையினின்று விலக்கியது. இவ்வேறுபாடு அதனைக் காக்கப் போதுமானது என்பதே என் கருத்து. அதன் உண்மையான குறை முதற்பணியில் உள்ளது. நுழைவோருக்கு அது உரிமை எதனையும் வழங்கவில்லை. திறப்போருக்கு அனுமதியை மட்டுமே வழங்கியது. கமுதி நாடார் ஒருவர் 1940இல் இச்சட்டத்தைச் சுட்டி நீதிமன்றத்தில் தம் நுழைவைக் கோரியிருக்க இயலாது.

உரிமையாக அது வடிவு பெற்றது 1947ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தில். அரசியலமைப்பின் 17, 25ஆம் உறுப்புகள் அதற்கு அடித்தளம் அமைத்தன. ஆயினும் அறங்காவலர் வாதம் ஓயவில்லை. அன்றைய சென்னை மாகாணத்துத் தென்கன்னட மாவட்டத்தின் முல்கி வேங்கடரமணர் கோயில் அறங்காவலர்கள், தம் கோயில் ஒரு தனிச் சமயப் பிரிவினர்க்கு உரியதென்று கூறி அச்சட்டத்தை எதிர்த்தனர். 1957இல் உச்சநீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதிபதி டி.எல். வேங்கடராம ஐயர், அது அப்பிரிவினரின் கோயிலே என்று ஏற்றார். எனினும் பொது நுழைவுரிமையே மேலோங்கும் என்றார். அதே தீர்ப்பில், சில சடங்குகளின்போது மட்டும் பிறரை விலக்கிவைக்கும் உரிமையை அறங்காவலர்களுக்கு விட்டுவைத்தார்.