பொட்டிப்புரம் நியூட்ரினோ உணர்கருவியில் மின்காப்புப் படலம்: ஒரு தொழில்நுட்பத் தேர்வின் வரலாறு

முன்னுரை

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடம் பற்றிய தமிழ் விவாதம் பெரிதும் மலை, நீர், வெடிவைப்பு, கதிர்வீச்சு ஆகியவற்றைச் சுற்றியே நடந்தது. மலைக்குள் வைக்கப்படவிருந்த கருவி எத்தகையது, அது ஏன் அத்துணைப் பெரிது என்ற வினா பின்னுக்குச் சென்றது. அக்கருவியின் மிக மெல்லிய உறுப்பான பாலியெஸ்டர் மின்காப்புப் படலத்தின் வழியே அவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

வருசநாட்டு மலையும் போடி மலையும்

முதலில் தேர்ந்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனை மறுத்து, கம்பம் பள்ளத்தாக்கின் சுருளிப் பகுதியை மாற்றாக முன்வைத்தது. சுருளி, வருசநாட்டுத் தொடரைச் சேர்ந்த மேகமலையின் அடிவாரம்; காடு அடர்ந்தது. ஆகவே பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில், போடி மேற்கு மலையின் அம்பரப்பர் மலை தேர்வாயிற்று. மேகமலை 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியதை நோக்க, சுருளியைத் தேர்ந்திருந்தாலும் சிக்கல் தீர்ந்திராது எனலாம்.

அறையும் படலமும்

நியூட்ரினோ பொருளோடு வினைபுரிவது மிக அரிது. எனவே இலக்கின் நிறை பெருக வேண்டும். திட்டமிட்ட கருவியில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. தகடுகளுக்கிடையே ஏறத்தாழ 28,800 மின்தடைத் தட்டு அறைகள். இவ்வறையை 1981இல் இத்தாலியின் சாந்தோனிகோவும் கார்தரெல்லியும் பேக்கலைட்டில் அமைத்துக் காட்டினர். இந்தியக் குழு கண்ணாடியைத் தேர்ந்தது. 3 மி.மீ. தடிப்புள்ள இரு கண்ணாடிகள், நடுவே 2 மி.மீ. வளிம இடைவெளி, இரு புறமும் சேர்த்து ஏறத்தாழ 10 கிலோவோல்ட்டு. கண்ணாடியின் வெளிப்புறத்துக் கிராஃபைட்டுப் பூச்சு அம்மின்னழுத்தத்தைப் பரப்புகிறது. அதன்மேல் குறிப்பலையைப் பெறும் உலோகப் பட்டைகள். இவ்விரண்டையும் பிரிப்பது மைலார் எனும் பாலியெஸ்டர்ப் படலமே.

அப்படலம் நேர்மின்னழுத்தத்தைத் தடுக்க வேண்டும். நானோவினாடி அளவில் எழும் தூண்டல் துடிப்பைக் கடத்திவிட வேண்டும். பாலியெஸ்டர் 25 மைக்ரான் தடிப்பிலேயே ஏறத்தாழ 7 கிலோவோல்ட்டைத் தாங்கவல்லது. கிராஃபைட்டும் நன்கு கடத்தினால் துடிப்பை மறைத்துவிடும். ஆதலின் அதன் மேற்பரப்புத் தடை ஒரு சதுரத்துக்கு 1 மெகாஓம் அளவில் சீராக அமைய வேண்டும். சீரான பூச்சு என்பது எளிய காரியமன்று.

தெறிப்புப் படிவும் திரையச்சும்

சீரான மென்படலத்துக்கு இயற்பியலாளர் முதலில் நினைப்பது ஸ்பட்டரிங் எனும் தெறிப்புப் படிவு. 1852இல் குரோவ் கண்ட நிகழ்வு இது. வெற்றிடக் கலத்தில் ஆர்கான் அயனிகள் இலக்கைத் தாக்க, தெறிக்கும் அணுக்கள் எதிரிலுள்ள பரப்பில் படிகின்றன. காப்புப் பொருளை இலக்காக்கினால் அதன் முகத்தில் மின்னேற்றம் தேங்கி அயனிகளை விலக்கும். இத்தடையை ஆண்டர்சன், மேயர், வேனர் மூவரும் 1962இல் வானொலி அதிர்வெண் மின்னழுத்தத்தால் நீக்கினர். 1973இல் மாரிசனும் ராபர்ட்சனும் நெகிழிகளையே இம்முறையில் தெறிக்கச் செய்து ஆய்ந்தனர். ஆனால் டெஃப்லானைத் தெறிக்கச் செய்து பெறும் படலம் டெஃப்லானாக இருப்பதில்லை. நீள்சங்கிலி அறுந்து, ஃபுளூரின் குறைந்து, குறுக்குப் பிணைப்பு மிகுந்த வேறொரு பலபடி அங்கே உருவாகிறது. நுண்துளை ஒன்றிருந்தாலும் காப்பு அவ்விடத்தில் முறியும்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் வேறு வழி சென்றனர். கல்மானி, மண்டல், சத்தியநாராயணா முதலியோர் 2009இல் வெளியிட்ட கட்டுரை, கடத்தும் பூச்சைப் பாலியெஸ்டர்ப் படலத்தின்மீது திரையச்சில் இட்டு, அப்படலத்தையே மின்வாயாக்குவதை விளக்குகிறது. அழைப்பிதழும் துணிப்பையும் அச்சிடும் அதே திரையச்சுதான்! இத்தேர்வைச் சிக்கனம் என்று மட்டும் கொள்வது போதாது. 28,800 அறைகள், ஒவ்வொன்றிலும் இரு முகங்கள், ஒவ்வொரு முகமும் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த பக்கமுடைய சதுரம். பூச வேண்டிய பரப்பு ஏறத்தாழ 2 லட்சம் சதுர மீட்டர். வெற்றிடக் கலத்துள் நிகழும் படிவு முறைக்கு இப்பரப்பு பெருஞ்சுமை. நியூட்ரினோவின் அருமை நிறையையும், நிறை பரப்பையும், பரப்பு பூச்சு முறையையும் தீர்மானித்தன என்பது இவ்வாய்வாளரின் துணிபு. சிறு பரப்புக் கருவிகளில் நிலைமை வேறு: பாலிஇமைடுப் படலத்தில் கார்பனைத் தெறிப்பு முறையில் படிவிக்கும் மின்வாய்களைப் பின்னாளில் ஜப்பானியக் குழுவினர் கையாண்டனர்.

ஈரமும் எண்ணெயும்

மின்னைத் தடுக்கும் பலபடி நீரைத் தடுக்கும் என்பதில்லை. ஜப்பானின் பெல் கருவியில் 1998–99இல் கண்ணாடி அறைகளின் கசிவு மின்னோட்டம் உயர்ந்தது. நெகிழிக் குழாய்ச் சுவரின் வழியே ஊடுருவிய ஈரமே காரணம். செப்புக் குழாய் மாற்றப்பட்டது. பேக்கலைட்டின் உட்புறத்தில் பூசும் ஆளி விதை எண்ணெய்ப் படலம் முற்ற உலராமையே அமெரிக்காவின் பாபர் கருவியில் அறைகள் திறன் இழந்ததற்குக் காரணமாகக் கருதப்பட்டது. கொல்கத்தா ஆய்வாளர் அவ்வெண்ணெய்க்கு மாற்றாகச் சிலிக்கோன் பூச்சைச் சோதித்தனர். கண்ணாடியை நாடிய இந்தியத் தேர்வின் பின்னணியில் இவ்வனுபவங்களையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மதுரையில் எஞ்சியது

2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காப்பகத்துக்கும் இடைப்பட்ட புலி வழித்தடத்தைச் சுட்டி, திட்டத்தை ஏற்பதற்கில்லை எனத் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையே மதுரையில் 85 டன் இரும்பும் 11 அடுக்குகளும் கொண்ட முன்மாதிரி நிறுவப்பெற்று, வளிமண்டல மியூவான்களைப் பதிவு செய்தது. 50,000 டன்னுக்காக வகுத்த பூச்சு முறையும் காப்புப் படலமும் அதன் அடுக்குகளுக்கிடையேதான் பயன்பாடு கண்டன.